வீரன் வீழ்ந்த பிறகு யார் எழுந்து நிற்கிறார்கள்?

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தோல் ஏட்டில் எழுதி வைக்கப்பட்ட ஓர் ஆங்கிலக் காவியம் இருக்கிறது. மொத்தம் 3,182 வரிகள். அதன் நாயகன் மூன்று கொடிய உயிர்களோடு போரிடுகிறான். மூன்றாவது போரில் தானும் இறக்கிறான். மக்கள் அவனை எரியூட்டி, கடலோரக் குன்றில் பெரிய மண்மேடு எழுப்பி, அதைச் சுற்றி வந்து அவனைப் புகழ்கிறார்கள். அந்தப் புகழுரையின் கடைசிச் சொல்லே காவியத்தின் கடைசிச் சொல்லும் ஆகும். ‘எல்லாரையும்விடப் புகழ்மீது ஆசை கொண்டவன்’ என்பது அதன் பொருள்.

இது பாராட்டா, பழியா?

பேவுல்ஃப் காவியத்தைப் படிக்கும் எவரும் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். அதற்கு முந்திய மூன்று சொற்கள் நேரடியான பாராட்டுகள். இரக்கமுள்ளவன், மென்மையானவன், தன் மக்கள்மீது கனிவு கொண்டவன் என்கின்றன அவை. நான்காவதாக வரும் இந்தச் சொல் மட்டும் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. வீரர்களின் உலகில் புகழ்மீது ஆசை கொள்வது பெருமை. ஆனால் அதே காலத்துச் சமய உரைகளில் இந்தச் சொல் தற்பெருமை பிடித்தவர்களைக் கண்டிக்கவே பெரும்பாலும் பயன்பட்டது. காவியத்தை எழுதிய பெயர் தெரியாத புலவர் எந்தப் பொருளில் எழுதினார் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

நான் இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவன். இந்தக் காவியத்தை விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தில் உட்கார்ந்துதான் முதன்முதலாக முழுதும் படித்தேன். அங்கிருந்து தேக்கா நடந்துபோகும் தூரம்தான். ஒருநாள் அப்படி நடந்துபோய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உடன் படிக்கும் சீன நண்பர் கேட்டார்: “உங்கள் மொழியில் இப்படி ஒரு வீரன் உண்டா?”

உண்டு என்று சொல்லிவிடுவது எளிது. சங்க இலக்கியத்தில் வீரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ‘இப்படி ஒரு வீரன்’ என்றால் எப்படி என்று முதலில் தெரிய வேண்டுமே. பேவுல்ஃப் எப்படிப்பட்டவன்? அதை அலசிய பிறகுதான் நண்பருக்குப் பதில் சொல்ல முடிந்தது. அந்த அலசலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூன்று போர்கள்

கதையைப் படித்திராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

டென்மார்க்கின் அரசன் ரோத்கார், ஹெயோரோட் என்ற பெரிய அரண்மனைக் கூடத்தைக் கட்டுகிறான். அங்கே எழும் விருந்துச் சத்தத்தைப் பொறுக்காத கிரெண்டல் என்ற அரக்கன் 12 ஆண்டுகளாக இரவுதோறும் வந்து வீரர்களைக் கொன்று தின்கிறான். செய்தி கேட்டு, இன்றைய தெற்குச் சுவீடனில் வாழ்ந்த கீட் இனத்தைச் சேர்ந்த இளைஞன் பேவுல்ஃப் 14 தோழர்களுடன் கடல் கடந்து வருகிறான். அவனுடைய பிடியில் 30 ஆள் பலம். அரக்கனிடம் ஆயுதம் இல்லை என்பதால் தானும் வாளைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் மல்லுக்கு நின்று அவன் கையைப் பிய்த்தெடுக்கிறான்.

மறுநாள் இரவு, மகனை இழந்த கிரெண்டலின் தாய் பழிவாங்க வருகிறாள். பேவுல்ஃப் அவளைத் தேடி ஓர் இருண்ட நீர்நிலையின் அடியாழத்துக்கே இறங்கிச் சென்று கொல்கிறான்.

பின்னர் அவன் நாடு திரும்புகிறான். காலப்போக்கில் அரசனாகி 50 ஆண்டுகள் ஆள்கிறான். அப்போது, 300 ஆண்டுகளாகப் புதையல் ஒன்றைக் காத்துவந்த பறவைநாகத்திடமிருந்து யாரோ ஒரு கோப்பையைத் திருடிவிடுகிறான். சினம் கொண்ட நாகம் ஊரைக் கொளுத்துகிறது. அரசனின் மாளிகையும் எரிகிறது. கிழவனாகிவிட்ட பேவுல்ஃப் அதை எதிர்க்கப் புறப்படுகிறான். நாகம் சாகிறது, அவனும் சாகிறான்.

நாகத்தின் குகை, திருடப்பட்ட கோப்பை, எரியும் ஊர் என்றதும் ‘தி ஹாபிட்’ கதை நினைவுக்கு வருகிறதா? அது தற்செயல் இல்லை. 1937ல் அந்த நாவலை வெளியிட்ட டோல்கியன், ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். அதற்கு முந்திய ஆண்டில் அவர் ஆற்றிய ஓர் உரைதான், வரலாற்றுத் தகவலுக்காக மட்டும் புரட்டப்பட்டு வந்த இந்தக் காவியத்தைக் கவிதையாகப் படிக்க அறிஞர்களைத் தூண்டியது.

நெருப்புக்குத் தப்பிய ஏடு

பேவுல்ஃப் கதைக்கு ஒரே ஒரு கையெழுத்துப் படிதான் உலகில் உண்டு. 1731ல் லண்டனில் அது வைக்கப்பட்டிருந்த கட்டடம் தீப்பற்றியது. ஓரங்கள் கருகின. பின்னர் கருகிய ஓரங்கள் உதிர, எழுத்துகளும் சேர்ந்து உதிர்ந்தன. 1787ல் தொர்கெலின் என்பவர் எடுத்து வைத்த நகல்களால்தான் உதிர்ந்துபோன பல எழுத்துகளை இன்று அறிய முடிகிறது. 1815ல்தான் காவியம் முழுமையாக அச்சேறியது. கருகிய அந்த ஏடு இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

தமிழ் மாணவர்களுக்கு இது பழகிய கதையாகத் தோன்றும். செல்லரித்த ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாத ஐயர் 1894ல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அதன் 400 பாடல்களில் 267ஆவதும் 268ஆவதும் கிடைக்கவே இல்லை. நெருப்போ செல்லோ, இரண்டு மொழிகளின் வீரர்களும் மயிரிழையில் தப்பித்தான் நம் கைக்கு வந்திருக்கிறார்கள்.

தோழர்கள் எங்கே நின்றார்கள்?

பேவுல்ஃபின் குணத்தை அலசும் கட்டுரைகள் பெரும்பாலும் அவனுடைய துணிவு, பலம், விசுவாசம் என்று ஒரு பட்டியல் போடும். பிறகு ‘ஆனால் அவனிடம் தற்பெருமையும் இருந்தது’ என்று ஒரு வரி சேர்க்கும். பட்டியலில் தவறில்லை. அரசனாகும் வாய்ப்பு முதலில் வந்தபோது, இறந்த மன்னனின் சிறுவயது மகனுக்கே அரியணை உரியது என்று விலகி நின்றவன் அவன். 50 ஆண்டுகள் அண்டை நாட்டார் யாரும் படையெடுக்கத் துணியவில்லை என்பதும் பொய்ச்சத்தியம் செய்யவில்லை என்பதும் சாகும் நேரத்தில் அவனுக்கு ஆறுதல் தருகின்றன. நல்லவன்தான்.

ஆனால் எனக்கு வழி காட்டியது வேறொன்று. பேவுல்ஃபைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு போரிலும் அவனுடைய தோழர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தேன்.

முதல் போரில் அவர்கள் அதே கூடத்தில் இருக்கிறார்கள். தலைவன் அரக்கனோடு மல்லுக்கட்டும்போது வாளை உருவிக்கொண்டு உதவிக்கு ஓடி வருகிறார்கள். அரக்கனின் உடலில் எந்த வாளும் இறங்காது என்பது அவர்களுக்குத் தெரியாது. பயனில்லாவிட்டாலும் பக்கத்தில் நிற்கிறார்கள்.

இரண்டாம் போரில் அவர்கள் கரையில் நிற்கிறார்கள். தலைவன் தனியே நீரில் இறங்கிவிட்டான். வெகுநேரம் கழித்து நீர் இரத்தமாகப் பொங்குகிறது. அவன் மாண்டுவிட்டான் என்று முடிவுகட்டி டேனிஷ் வீரர்கள் வீடு திரும்பிவிடுகிறார்கள். கீட் இளைஞர்கள் மட்டும் மனம் உடைந்த நிலையிலும் நீரையே பார்த்தபடி காத்திருக்கிறார்கள்.

மூன்றாம் போரில் தேர்ந்தெடுத்த 11 வீரர்கள் உடன் செல்கிறார்கள். அவர்களிடம் பேவுல்ஃப், இது உங்கள் வேலை இல்லை, என் ஒருவனால் மட்டுமே ஆகக்கூடியது, நீங்கள் இங்கேயே இருங்கள் என்கிறான். நாகம் நெருப்பைக் கக்கியதும் அவர்கள் காட்டுக்குள் ஓடி ஒளிகிறார்கள். விக்லாஃப் என்ற இளைஞன் ஒருவன் மட்டும் புகைக்குள் புகுந்து தலைவன் பக்கம் வருகிறான்.

பக்கத்தில், பிறகு கரையில், பிறகு காட்டில். தலைவன் உயர உயர, உடன் இருப்பவர்கள் தூரம் போகிறார்கள்.

ஓடியவர்களைக் கோழைகள் என்று விக்லாஃப் ஏசுகிறான். அது நியாயம்தான். ஆனால் அவர்கள் எப்படிக் கோழைகள் ஆனார்கள்? 50 ஆண்டுகளாக அரசன் ஒருவனின் பெயருக்கே பகைவர்கள் அஞ்சினார்கள். அந்த நிழலில் வளர்ந்த தலைமுறைக்குத் தானே நின்று போராட வேண்டிய தேவை வந்திருக்குமா? கடைசி நாளன்றுகூட ‘நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள்’ என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த கட்டளை. பார்த்துக்கொண்டிருக்கப் பழகியவர்கள், பார்க்க முடியாத அளவுக்குப் பயங்கரம் வந்தபோது ஓடினார்கள்.

தேசிய சேவையை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் வந்தவன் என்பதாலோ என்னவோ, இந்த இடம் என்னை விடவில்லை. புலாவ் தேக்கோங்கில் அடிப்படைப் பயிற்சிக்குச் சென்றதும் ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டாளியைச் சேர்த்துவிடுவார்கள். உன் தண்ணீர்ப் புட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று அவன் பார்க்க வேண்டும். அவன் காலில் கொப்புளம் வந்தால் நீ சொல்ல வேண்டும். எங்களில் மிக வேகமாக ஓடக்கூடியவனும் தனியாக ஓடி முடித்துப் பெயர் வாங்க முடியாது. பலசாலி ஒருவன் எல்லாருடைய சுமையையும் தூக்கிக்கொண்டால் அன்றைய நடை சீக்கிரம் முடியும், ஆனால் அடுத்த நடைக்கு மற்றவர்களின் தோள் பழகியிருக்காது. பேவுல்ஃபின் நாட்டில் நடந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

புலவரே இதற்கு இடம் தருகிறார். தலைவன் இறந்த பிறகு, ஒருவனுடைய விருப்பத்துக்காகப் பலர் துன்பப்பட நேர்கிறது என்ற கருத்தை அவனுக்காக உயிரைப் பணயம் வைத்த விக்லாஃபின் வாயிலிருந்தே வரவழைக்கிறார். வெறுத்தவன் சொன்னால் அது வசை. நேசித்தவன் சொல்லும்போது அது தீர்ப்பாகிறது.

மறுபக்கமும் உண்டு. நாகம் ஊரை எரிக்கும்போது அரசன் வேறென்ன செய்வான் என்று கேட்கலாம். மரக்கேடயம் எரிந்துவிடும் என்று யோசித்து இரும்புக் கேடயம் செய்யச் சொல்லும் அளவுக்கு அவன் நிதானமாகத்தான் இருக்கிறான். வாரிசு இல்லாத முதியவன், சாகப்போவதை உணர்ந்தும், இளையவர்களைக் காவு கொடுக்காமல் தானே முன்னே செல்வது தியாகம்தானே? இந்த வாதத்தையும் தள்ளிவிட முடியாது. இரண்டையும் ஒரே மனிதனுக்குள் வைத்திருப்பதால்தான் ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் அவனைப் பற்றிப் பேச முடிகிறது.

பாரியின் மலை

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். நான் சொன்ன பெயர் பாரி.

முல்லைக்குத் தேர் கொடுத்தவன் என்று தொடக்கப்பள்ளியிலேயே நாம் கேட்ட பெயர். அதோடு பலருக்குக் கதை முடிந்துவிடுகிறது. ஆனால் புறநானூற்றில் பாரியைப் பற்றிய பாடல்களைத் தொடர்ந்து படித்தால், பேவுல்ஃபுக்குப் பக்கத்தில் நிறுத்தக்கூடிய ஒரு முழுக்கதை கிடைக்கிறது.

பறம்பு மலையை ஆண்ட சிற்றரசன் பாரி. இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ள பிரான்மலையே அந்தப் பறம்பு என்பர். மூவேந்தர்களும் சேர்ந்து அவனை முற்றுகையிட்டார்கள். அவனுடைய நண்பரும் புலவருமான கபிலர் அவர்களைப் பார்த்து, படையால் இந்த மலையை வெல்ல முடியாது, பாணர்களாக வந்து பாடிக் கேட்டால் அவனே கொடுத்துவிடுவான் என்ற பொருளில் பாடினார். பறம்பு நாட்டின் 300 ஊர்களையும் ஏற்கெனவே இரவலர்கள் பெற்றுச் சென்றுவிட்டார்கள் என்றும் சொன்னார். முடிவில் பாரி கொல்லப்பட்டான். மலை பறிபோனது.

இரண்டு தலைவர்களுக்கும் ஒற்றுமைகள் பல. ஆங்கிலக் காவியத்தில் அரசனுக்கு வழங்கும் பெயர்களில் ஒன்று ‘வளையங்களை வழங்குபவன்’ என்ற பொருள் தருவது. நம் ‘வள்ளல்’ என்ற சொல்லுக்கு அருகில் வருவது அது. அங்கே கூடத்தில் யாழ் போன்ற கருவியை மீட்டி வீரரைப் பாடும் புலவர் உண்டு. இங்கே பாணரும் புலவரும் உண்டு. இரண்டு உலகிலும் கொடுத்தால்தான் புகழ், பாடினால்தான் அது நிலைக்கும்.

வேற்றுமை செல்வத்தில் தெரிகிறது. உயிர் பிரியும் நேரத்தில் பேவுல்ஃப், நாகத்தின் புதையலை எடுத்துவந்து காட்டச் சொல்கிறான். மக்களுக்காக இதை வென்றேன் என்று நிறைவடைகிறான். ஆனால் மக்கள் அதை அவனோடு சேர்த்து மேட்டில் புதைத்துவிடுகிறார்கள். முன்பு போலவே அது யாருக்கும் பயன்படாமல் மண்ணுக்குள் கிடக்கிறது என்று புலவர் எழுதுகிறார். உயிரைக் கொடுத்து வாங்கிய பொருள் ஒருவர் கைக்கும் போகவில்லை. பாரியோ, பகைவர் வருமுன்பே எல்லாவற்றையும் கொடுத்து முடித்திருந்தான். கொள்ளையடிக்க வந்தவர்களுக்கு மலைதான் மிஞ்சியது.

இரண்டு கதைகளிலும் முடிவில் பெண்களின் குரல் கேட்கிறது. பேவுல்ஃபின் சிதையருகே கீட் பெண் ஒருத்தி ஒப்பாரி வைக்கிறாள். இனிப் பகைவர் வருவார்கள், கொலையும் சிறையும் வரும் என்று அஞ்சுகிறாள். கையெழுத்துப் படியில் அந்தப் பக்கம்தான் மிகவும் சிதைந்திருக்கிறது. அவள் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

பாரியின் மகளிர் பாடிய பாட்டோ புறநானூற்றின் 112ஆவது பாடலாக நம் கையில் இருக்கிறது. சென்ற மாதத்து நிலவையும் இந்த மாதத்து நிலவையும் ஒப்பிடும் சிறிய பாட்டு. அன்று தந்தையும் இருந்தார், மலையும் இருந்தது. இன்று இரண்டும் இல்லை. வீரத்தைப் பற்றி ஒரு பேச்சும் அதில் கிடையாது. அங்கே வீரனுக்காகப் பிறர் அழுவதைப் புலவர் நமக்குச் சொல்கிறார். இங்கே விட்டுச் செல்லப்பட்டவர்களே நேராகப் பேசுகிறார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கபிலர் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோ, இருங்கோவேள் ஆகிய தலைவர்களிடம் சென்று மணம் முடித்துக்கொள்ளக் கேட்கிறார். மறுக்கப்படுகிறார். புகழ்பெற்ற புலவர், நண்பனின் பிள்ளைகளுக்காக வாசல் வாசலாக நின்று அவமானப்படுகிறார். வாள் ஏந்தாத வீரம் இது. விக்லாஃப் நெருப்புக்குள் ஓடினான். கபிலர் நெருப்பு அணைந்த பின் சாம்பலோடு நடந்தார்.

சிராங்கூன் சாலையில் ஒரு வீரன்

நூலில் மட்டுமா வீரர்கள் இருக்கிறார்கள்? ஆண்டுதோறும் தீபாவளிக்குச் சற்று முன் நம் தெருவிலேயே ஒரு காவியம் நடக்கிறது. ஃபேரர் பார்க் நிலையத்துக்கு அருகில் உள்ள ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் பக்தர்கள், ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நடந்து சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கிறார்கள். 1827ல் தோன்றிய அந்தக் கோயிலில் தீமிதித் திருவிழா 1840 முதல் நடைபெற்று வருகிறது. மகாபாரதத்தின் திரௌபதியைப் போற்றும் விழா அது. அதன் சடங்குகளில் அரவானுக்கும் இடம் உண்டு. கோயிலில் அரவானின் திருவுருவத்தையும் காணலாம்.

அர்ச்சுனனுக்கும் நாக இளவரசி உலூபிக்கும் பிறந்தவன் அரவான். பாண்டவர் வெல்ல வேண்டுமானால் குற்றமற்ற ஒருவன் களப்பலி ஆக வேண்டும் என்றபோது, அவன் தன்னைத் தர ஒப்புக்கொண்டான் என்பது தமிழ் மரபு சொல்லும் கதை. பதிலுக்கு, வெட்டுண்ட தலையின் கண்களால் போர் முழுவதையும் பார்க்கும் வரம் கேட்டான் என்பார்கள்.

பேவுல்ஃப் தனியே போரிட விரும்பினான். அரவானுக்குப் போரிடவே வாய்ப்பு இல்லை. அவனுடைய வீரம், தரச் சம்மதித்தது மட்டுமே. அந்த வெற்றியில் பெயர் பெற்றவர்கள் வேறு ஆட்கள்.

தீமிதியைத் தவறாமல் பார்க்கச் செல்லும் என் பாட்டியிடம் ஒருமுறை அரவான் வீரனா என்று கேட்டேன். “வீரன்தான், அதிலென்ன சந்தேகம்? ஆனா பிள்ளையைக் கேட்டாங்களே, பெத்தவளைக் கேட்டாங்களா?” என்றார். இலக்கியத் திறனாய்வு படிக்காத பாட்டி கேட்ட இந்தக் கேள்வியை, கிரெண்டலின் தாய் பற்றிய என் வகுப்புக் கட்டுரையில் பயன்படுத்திக்கொண்டேன். மகனை இழந்தவள் என்ற கண்ணோடு பார்த்தால் அந்த ‘அரக்கி’கூட வேறு மாதிரித் தெரிகிறாள்.

மேடும் நடுகல்லும்

கப்பலில் போகிறவர்கள் தூரத்திலிருந்தே பார்த்துத் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று பேவுல்ஃப் கடலோர மேட்டைக் கேட்டு வாங்குகிறான். மக்கள் பத்து நாளில் அதை எழுப்பி முடிக்கிறார்கள்.

நம் மரபில் வீரனுக்கு நடுகல். கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு படிநிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்பன அவை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ல் கண்டெடுக்கப்பட்ட, தமிழ்ப் பிராமி எழுத்து பொறித்த நடுகற்களில் ஒன்று ஆகோளில், அதாவது மாடுபிடிச் சண்டையில், இறந்த ஒருவனுக்கு உரியது. அவன் மன்னனாக இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஊர் மாட்டுக்காக ஊர்க்காரன் ஒருவன் செத்தான், ஊர் கல் நட்டது. அந்த ஆறு படிநிலைகளில் ஒன்றைக்கூட வீரன் செய்ய முடியாது. எல்லாம் மிஞ்சியவர்கள் செய்ய வேண்டியவை.

புகழ் என்பது வீரன் சம்பாதிப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மிஞ்சியவர்கள் கொடுப்பது. கொடுக்க ஆள் மிஞ்ச வேண்டும்.

தேர்வெழுதும் தம்பி தங்கைகளுக்கு

உயர்நிலைப் பள்ளியிலோ தொடக்கக் கல்லூரியிலோ ஒரு கதைமாந்தரைப் பற்றி எழுதும்போது, குணங்களை வரிசைப்படுத்திவிட்டு மேற்கோள் தேடுவது நம் வழக்கம். தமிழ் இலக்கியத் தாளுக்கும் ஆங்கில இலக்கியத் தாளுக்கும் இது பொருந்தும். அதற்குப் பதில் மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: இவன் எதற்காக இதைச் செய்கிறான்? சொல்லும் காரணத்தையும் செயல் காட்டும் காரணத்தையும் தனித்தனியே குறியுங்கள். பேவுல்ஃப் மக்களுக்காக என்கிறான். ஆனால் மக்களை விலகி நிற்கச் சொல்கிறான். இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளியில்தான் உங்கள் கட்டுரை இருக்கிறது.

இரண்டு: அப்போது மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள்? கதைநாயகன்மீது விளக்கு விழும்போது இருட்டில் இருப்பவர்களைத் தேடுங்கள். அவர்கள் இடம் மாறுவதைக் கவனித்தால் நாயகன் மாறுவதும் தெரியும்.

மூன்று: இவன் போன பிறகு பேசுபவர் யார்? கடைசிச் சொல் யாருடையதோ, அவர் பக்கம் நின்று கதையை ஒருமுறை திரும்பப் படியுங்கள்.

இந்தக் கேள்விகள் தேர்வுக்கு மட்டும் உரியவை அல்ல. பள்ளிக் குழுப்பணியில் எல்லா வேலையையும் தானே செய்துவிட்டு, மற்றவர்கள் எதற்கும் உதவமாட்டார்கள் என்று குறைப்படும் கெட்டிக்கார மாணவரை நாம் எல்லாரும் அறிவோம். இணைப்பாட நடவடிக்கைக் குழுவில் தலைவர் விலகியதும் படுத்துவிடும் மன்றங்களையும் அறிவோம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பேவுல்ஃபும் கெட்டவன் இல்லை. தன்னை விடத் திறமை குறைந்தவன் கையில் வாளைக் கொடுத்து, அவன் தடுமாறும்போது பக்கத்தில் நிற்கும் பொறுமை அவனுக்கு வாய்க்கவில்லை.

படிக்க விரும்பினால், அயர்லாந்துக் கவிஞர் ஷேமஸ் ஹீனி 1999ல் வெளியிட்ட மொழிபெயர்ப்பிலிருந்து தொடங்கலாம். இன்றைய இளையரின் பேச்சு வேகம் பிடிக்குமென்றால் மரியா தாவானா ஹெட்லி 2020ல் செய்த மொழிபெயர்ப்பு இருக்கிறது. கூடவே புறநானூற்றின் 105 முதல் 120 வரையுள்ள பாடல்களை உரையோடு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் படியுங்கள். ஒரு மொழியின் வீரன் இன்னொரு மொழியின் வீரனுக்கு விளக்குப் பிடிப்பதைப் பார்ப்பீர்கள். இரண்டு மொழி தெரிந்த நமக்கு மட்டும் கிடைக்கும் வாய்ப்பு இது.

பேவுல்ஃப் கதையின் கடைசிச் சொல் பாராட்டா, பழியா என்று இப்போது என்னைக் கேட்டால், அதைச் சொன்னவர்கள் யார் என்று பார்க்கச் சொல்வேன். தலைவனை இழந்து, பகைவர் வருகைக்காக நடுங்கிக்கொண்டு, மேட்டைச் சுற்றி வரும் மக்கள் அவர்கள். அவன்மீது அவர்களுக்கு அன்பு இருந்தது. நாளைக்கு யார் காப்பாற்றுவார் என்ற பயமும் இருந்தது. இரண்டையும் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்கள்.